பெறுநர்: அம்மா, அடுப்படி

எங்கள் வீட்டில் மனு எழுதுகிறவர்கள் மூன்று பேர். நான், என் துணைவர், எங்கள் பையன். அதிகம் எழுதுகிறவன் பையன்தான். நாலாம் வகுப்புப் படிக்கிறான். கொஞ்ச நாளைக்கு முன்னால் அடுப்படிச் சுவர் ஆணியில், கருவேப்பிலைப் பைக்கு மேலே குத்தியிருந்த மனு இது:

"அனுப்புநர்: பீமராவ், நாலாம் வகுப்பு. பெறுநர்: அம்மா, அடுப்படி, காரைக்கால். பொருள்: முட்டை சம்மந்தமாக. அய்யா, எங்கள் பகுதியில் கடந்த மூன்று நாட்களாக முட்டை வழங்கப்படவில்லை. இதனால் பொதுமக்கள் மிகுந்த அவதிக்கு உள்ளாகி வருகின்றனர். உடனடியாக நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் மாபெரும் போறாட்டம் நடத்தப்படும். இப்படிக்கு, பொதுமக்கள்."

எம்.ஏ. தமிழ் படித்தவளின் பிள்ளை போராட்டத்துக்கு வல்லின 'ற' போட்டிருக்கிறது. கேட்டதற்கு, "மாபெரும் போராட்டம்னா பெரிய 'ற' தாம்மா" என்றான். அம்மாவைப் போய் 'அய்யா' என்று எழுதியிருக்கிறாயே என்றேன். அவன் பார்த்த மனுக்களில் எல்லாம் அய்யாதான் இருந்தாராம். யார் கையில் அதிகாரம் இருக்கிறதோ அவர் அய்யா. முட்டை என் கையில் இருப்பதால் நானும் அய்யா. பெண் விடுதலை பேசும் தோழர்கள் இதைக் கவனிக்கவும். பொதுமக்கள் யார் யார் என்று விசாரித்தேன். அவனும் அவன் அப்பாயியும். அப்பாயிக்கு விஷயமே தெரியாது. "எம்பேர ஏண்டா இழுத்துவுட்ட?" என்று அவள் சண்டைக்கு வந்தாள். முட்டை வந்ததும் அவளும் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

பிள்ளை இப்படி வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. சாயங்காலம் ஆனால் எங்கள் திண்ணைக்கு ஆட்கள் வருவார்கள். மனைப்பட்டா கேட்டு, சுடுகாட்டுப் பாதை கேட்டு, சிவப்பு ரேஷன் கார்டு கேட்டு, எரியாத தெருவிளக்குக்காக. நானோ அவனுடைய அப்பாவோ எழுதிக்கொடுப்போம். பீமு மடியில் கிடப்பான். அவன் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த வார்த்தை அம்மாவும் இல்லை ஆடும் இல்லை. பெறுநர்.

இதை ஏன் இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன் என்றால், நம்முடைய எழுத்தில் நம்முடைய பிள்ளைகள் சிரித்து நான் அதிகம் படித்ததில்லை. தாகத்தோடு நிற்கிற பிள்ளை, வகுப்பில் தள்ளி உட்கார்த்தப்பட்ட பிள்ளை, பள்ளிக்கூடத்தைக் கூட்டச் சொல்லப்பட்ட பிள்ளை. ஓம்பிரகாஷ் வால்மீகி 'ஜூட்டன்' (1997) நூலில் தலைமையாசிரியர் தன்னைத் துடைப்பத்தோடு மைதானத்தில் விட்டதை எழுதினார். அதெல்லாம் எழுதித்தான் ஆக வேண்டும், இன்னும் எழுதி முடியவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தைக் கூட்டிவிட்டு வந்த அதே பிள்ளை வரும் வழியில் கொடுக்காப்புளி அடித்திருக்காதா? வாத்தியாருக்குப் பட்டப்பேர் வைத்திருக்காதா? பாமா 'கருக்கு' (1992) எழுதியதோடு நிற்கவில்லை, 'கிசும்புக்காரன்' (1996) என்றும் ஒரு தொகுப்புப் போட்டார். கே.ஏ. குணசேகரனின் 'வடு'வில் (2005) வலிக்கு நடுவே சிரிக்க இடம் இருக்கிறது. நம்மைப் படிக்கிற மற்றவர்கள்தான் கண்ணீரை மட்டும் அளந்து மார்க் போடுகிறார்கள். குறும்பு என்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட சொத்து மாதிரி. அவர்கள் வீட்டுப் பிள்ளை எதிர்க்கேள்வி கேட்டால் சுட்டி. நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் திமிர். அதனால் என் பிள்ளையின் திமிரைக் கொஞ்சம் பதிவு செய்து வைக்கிறேன்.

பேரிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணலின் பேரை வைத்துவிட்டோம். வைக்கும்போது இருந்த பெருமிதம், பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் சிக்கலாகிவிட்டது. திட்ட முடியவில்லை. பொதுக்கூட்டத்தில் அந்தப் பேரைச் சொல்லி வாழ்க போடுகிற வாயால், "பீமராவு, ஜட்டியப் போடுடா" என்று எப்படிக் கத்துவது? ஒரு முறை மாவட்டத் தோழர்கள் வந்திருந்தபோது உள்ளேயிருந்து அப்பாயி, "பீமராவு கக்கூசுல ஒக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குறான்" என்று சத்தம் போட்டாள். தோழர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்கப்புறம் வீட்டுக்குள் பீமு.

பள்ளிக்கூடத்தில் வேறு கதை. பிள்ளைகள் எல்லாம் 'சோட்டா பீம்' என்று கூப்பிட்டு லட்டு கேட்டிருக்கிறார்கள். இவனுக்கு முதலில் சந்தோஷம். பிறகு டீச்சரும் கார்ட்டூன் பார்த்து வைத்த பேரா என்று கேட்க, இவன் எழுந்து, "இல்ல டீச்சர், இது சட்டம் எழுதுன பீமு. சோட்டா பீமுக்கு இவருதான் பெரியப்பா" என்றிருக்கிறான். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சரும் சிரித்துவிட்டு, "எந்தத் தெருடா நீ?" என்று கேட்டாராம். பேரிலிருந்து தெருவுக்கு வந்து சேர டீச்சருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்த நான் கவனித்தேன்.

அன்று ராத்திரி பேர் மாற்றக் கோரி ஒரு மனு வந்தது. காரைக்காலில் பேர் மாற்றுவது புதுசில்லை என்று அவனுக்குச் சொன்னேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில், 1881-ல் ஒரு ஆணை போட்டார்கள். நான் என் சாதி வழக்கத்தையெல்லாம் துறக்கிறேன், இனிமேல் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், புதுசாக ஒரு குடும்பப் பேரும் வைத்துக்கொள்ளலாம். ரொம்பப் பேர் பிரெஞ்சுப் பேராகவே வைத்துக்கொண்டார்கள். பீமு வாயைப் பிளந்து கேட்டான். "கையெழுத்துப் போட்டா சாதி போயிருமா?" காகிதத்தில் போனது என்றேன். மறுநாள் காலையில் நோட்டுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். 'நான் இன்று முதல் குளிப்பதைத் துறக்கிறேன்.' கீழே கையெழுத்து, பக்கத்தில் பெருவிரல் மை வேறு. செல்லாது என்று சொல்லிவிட்டு முதுகில் தண்ணீர் ஊற்றினேன்.

துறப்பதும் விலகுவதும் அவனுக்குப் பிடித்த காரியம். 2023 அக்டோபரில் நெடுங்காடு தனித் தொகுதியிலிருந்து போன சந்திர பிரியங்கா அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். புதுச்சேரியில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பெண் அமைச்சர் அவர். சாதியாலும் பெண் என்பதாலும் தாக்கப்படுகிறேன் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார். எங்கள் திண்ணையில் ஒரு வாரம் அதே பேச்சு. பீமுவுக்கு அப்போது ஏழு வயசு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைக்குப் போகிற வேலையைத் தான் ராஜினாமா செய்வதாக அறிவித்தான். "ராஜினாமா பண்ணுனா சோறும் கெடையாது" என்றாள் அப்பாயி. அவன் அசரவில்லை. "அவங்க மந்திரி வேலையத்தான் உட்டாங்க, எம்எல்ஏவ உடலல்ல? அது மாதிரி நான் கடைக்குப் போறதத்தான் உடுறேன், சோறு திங்கிறத உடல." நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்குப் பருப்பு வாங்க நான்தான் போனேன்.

கதை சொல்லித் தூங்கவைப்பது என் முறை. அண்ணல் சின்னப் பையனாக இருந்தபோது நடந்த கோரேகாவ் பயணத்தை அவர் எழுதியபடியே சொல்ல முயன்றேன். 1901-ல் நடந்தது. அப்பா கோரேகாவில் காசாளர் வேலை பார்க்கிறார். லீவுக்கு வரச் சொல்கிறார். பிள்ளைகள் புதுச் சட்டை, மினுமினுக்கும் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எல்லாம் போட்டுக்கொண்டு ரயிலில் கிளம்புகிறார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அடுத்து வரப்போகிற தண்ணீர் மறுப்புக்குத் தயாரானேன்.

"தொப்பி என்ன கலரும்மா?"

தெரியாது என்று மேலே போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் சாதியைக் கேட்டதும் பின்வாங்குகிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மாட்டோம் என்கிறார்கள். கடைசியில் இரட்டிப்புக் கூலி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான் என்று முடிவாகிறது.

"அவங்களே ஓட்டுனாங்களா? மாட்டு வண்டியையா?" எழுந்து உட்கார்ந்துவிட்டான். "சூப்பரும்மா!"

எனக்குக் கோபம் வந்தது, உடனே போயும் விட்டது. ஒன்பது வயசுப் பையனுக்கு மாட்டு வண்டி ஓட்டக் கிடைப்பது சூப்பர்தானே. வளர்ந்து மேதையான பிறகும் அவருக்குத் தொப்பியும் செருப்பும் மறக்கவில்லை. அவமானத்தை எழுத உட்கார்ந்தவர் அதற்கு முன்னால் புதுச்சட்டையின் சந்தோஷத்தை எழுதியிருக்கிறார். நாம்தான் அந்த வரிகளைத் தாண்டிக் குதித்து நேராகத் தண்ணீருக்குப் போய்விடுகிறோம்.

தண்ணீர் வந்தபோது பீமு ஒன்றும் பேசவில்லை. ராத்திரி முழுக்கவா குடிக்கவில்லை என்று மட்டும் கேட்டான். அப்பா ஏன் ஸ்டேஷனுக்கு வரவில்லை என்றான். பிள்ளைகள் போட்ட கடிதத்தை வாங்கிய வேலைக்காரர் அப்பாவிடம் கொடுக்கவில்லை, அதனால் அவருக்கு விஷயமே தெரியாது என்றேன். அவன் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னான்: "அதுக்குத்தான் ரசீது வாங்கணும்."

ஆனி மாசம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன். புனிதவதி வீட்டில் கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய மாம்பழம் இரண்டு. ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிட்டாள். கணவன் இரண்டாவதையும் கேட்க, இல்லாத பழத்தை இறைவன் தந்தான் என்பது கதை. சாமி பவனி வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், கூட்டம் பிடிக்கும். போன வருஷம் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பீமு நாலு பழம் பிடித்தான். மறுநாள் பார்த்தால் இரண்டுதான் இருந்தது. அவன் அப்பா உண்மை அறியும் குழு ஒன்றை அமைத்தார். தலைவர் அவர், உறுப்பினர் நான். சட்டைக் காலரில் மஞ்சள் கறையோடு நின்ற பீமு வாக்குமூலம் கொடுத்தான்: "ஒரு சிவனடியாரு வந்தாரு. பசிக்குதுன்னாரு. குடுத்துட்டேன்."

குழு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது, மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி தலையைத் தூக்காமலே சொன்னாள். "நம்ம தெருவுக்குச் சாமியே திரும்புனதில்ல. சிவனடியாரு மட்டும் எப்புடிடா வழி கண்டுபுடிச்சு வந்தான்?"

பொய் பிடிபட்டது. எந்த வழக்கறிஞரும் இவ்வளவு சின்னக் குறுக்கு விசாரணையில் முடித்திருக்க மாட்டார். பீமு பிடிவாதமாக, "ஏன் திரும்பாது?" என்று கேட்டான். மாம்பழ வழக்கு அதோடு மறந்துபோனது.

அடுத்து வருவது சாதிச் சான்றிதழ். இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். புதுச்சேரிக்கான பட்டியல் சாதி ஆணை 1964-ல் வந்தது. அதை வைத்து இங்கே பட்டியல் சாதிக்காரர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பூர்வீகம், குடிபெயர்ந்தவர். 1964-க்கு முன்பிருந்தே குடும்பம் இங்கே இருந்ததென்று காட்டினால் பூர்வீகம். இல்லாவிட்டால் குடிபெயர்ந்தவர். இரண்டுக்கும் கிடைப்பது ஒன்றல்ல. நான் பிறந்தது நாகூர்ப் பக்கத்துச் சேரி. பஸ்ஸில் அரை மணி நேரம். நடுவில் வாஞ்சூர் எல்லை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சனம், ஒரே பறை, கொண்டான் கொடுத்தான் உறவு. வாஞ்சூரைத் தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்ததும் நான் குடிபெயர்ந்தவள். 1739-ல் தஞ்சாவூர் மராட்டிய ராஜாவிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிய துண்டு இது. ராஜாவும் கம்பெனியும் போட்ட கோடு, வரப்புக்கு இந்தப் பக்கம் நாற்று நட்டவளையும் அந்தப் பக்கம் நட்டவளையும் கேட்டுப் போட்டதில்லை. கோடு போட்டவர்கள் போய் எவ்வளவோ காலமாச்சு. நடவுக்காரிகளின் பேத்திகள் இன்னும் அதில் தடுக்கி விழுகிறோம்.

பீமுவுக்குச் சான்றிதழ் எடுக்கப் போனபோது அவனையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. ஆதாரமாக என் மாமனாரின் பிறப்புப் பதிவைக் கொண்டுபோனோம். 1950-ல் பிறந்தவர், அப்போது இங்கே பிரெஞ்சு ஆட்சி. அதனால் பதிவும் பிரெஞ்சில் இருக்கிறது. கூலிக்கு நெல் அறுத்துச் செத்த மனுசனுக்குச் சாய்வெழுத்தில் பிரெஞ்சுக் காகிதம். பீமு எழுத்துக்கூட்டிப் பார்த்தான், ஒன்றும் ஓடவில்லை. "இத யாரு எழுதுனா?" என்றான்.

"மேரியில எழுதுனது" என்றார் அவன் அப்பா. நகராட்சி அலுவலகத்துக்கு இங்கே பழைய ஆட்கள் சொல்லும் பேர் அது.

"எங்க மேரி டீச்சரா? அவங்க அவ்வளோ கெழவியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்போடேயே இன்னும் இரண்டு ஆவணம் கேட்டார். நாலு நடை நடந்து சான்றிதழ் வந்தது. பூர்வீகம். அன்று சாயங்காலம் டிவி முன்னால் தகராறு. நான் செய்தி வைத்தேன், அவன் ரிமோட்டைப் பிடுங்கினான். "நான் பூர்வீகம். நீ குடிபெயர்ந்த ஆளு. இஞ்ச எனக்குத்தான் உரிமை."

அப்பாயி சிரித்துச் சிரித்து இருமினாள். அவன் அப்பா பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் எத்தனை மேடையில் விளக்கியிருப்பேன், ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே கோடு போட்டுப் பிரித்து ஒருவனை இன்னொருவன்மேல் ஏவுவதுதான் சாதியத்தின் வேலை என்று. என் பிள்ளை ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே வரியில் செய்துகாட்டிவிட்டான். பூர்வீகக் குடிகளுக்கு ராத்திரிச் சோறு போடுவது குடிபெயர்ந்தவள்தான் என்று நினைவூட்டினேன். பேச்சுவார்த்தை நடந்தது. ஏழரை வரைக்கும் செய்தி, அதற்குமேல் கார்ட்டூன்.

இதற்கு ஒரு பின்குறிப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாயி வீட்டுக்குப் போய்விட்டு நாகூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். வாஞ்சூரில் பஸ் நின்றதும் ஆண்கள் மொத்தமாக இறங்கினார்கள். தமிழ்நாட்டைவிட இங்கே சாராயக் கடையில் விலை மலிவு. எல்லையோரம் கடைகள் வரிசையாக இருக்கும். பீமு ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் பஸ்ஸே கேட்கிற மாதிரி கேட்டான்: "ம்மா, இவங்கதான் குடிபெயர்ந்தவங்களா?"

இனிமேல் சொல்வதில் சிரிக்க முடியுமா என்று எனக்கு நிச்சயமில்லை. அப்பாயி சிரித்தாள், அதனால் எழுதுகிறேன்.

வகுப்புக் கூட்டாளி ஒருவனுக்குப் பிறந்தநாள். வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். பீமு புதுச்சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கலர் பென்சில் டப்பாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. "ம்மா, அங்க எல்லாருக்கும் பழைய எவர்சில்வர் தட்டு. எனக்கு மட்டும் புத்தம்புது பேப்பர் பிளேட்டு! அவங்கம்மா பாக்கெட்ட அப்பத்தான் பிரிச்சாங்க. பிறந்தநாள் பையனுக்கே குடுக்கல. எனக்குத்தான்."

"தண்ணி?" என்று கேட்டேன். கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"எனக்கு மட்டும் பாட்டில் தண்ணி! முழு பாட்டில்!"

கேக் மூலையில் இருந்த பூவும் தனக்கே கிடைத்ததைச் சொல்லிக் குதித்தான். அப்பாயி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் பாக்கைக் கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டு சொன்னாள். "எங்க காலத்துல கொட்டாங்குச்சியில ஊத்துனாளுவ. ஊத்துன கொட்டாங்குச்சி பழசு. எம்பேரனுக்குப் புதுசா பாக்கெட்டு பிரிக்கிறாளுவ. முன்னேத்தந்தான்." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். பீமுவும் ஏனென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தான்.

அன்று ராத்திரி நான் எதுவும் சொல்லவில்லை. தின்ற கேக்கின் சந்தோஷம் ஒரு ராத்திரியாவது அவனுக்கு முழுசாக இருக்கட்டும். ஆனால் எவன் வாயாலோ தெரிந்துகொள்வதைவிட நம் வாயால் தெரிவதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். காலையில் அவனே வழி திறந்துவிட்டான். ஆணியில் மனு. கூட்டாளி நம் வீட்டுக்கு வரும்போது அவனுக்கும் மரியாதை செய்ய ஒரு பாக்கெட் பேப்பர் பிளேட் வாங்கித் தரும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்தில் உட்காரவைத்தேன். "பீமு, இரட்டைக் குவளை தெரியும்ல?"

"தெரியும். ஒழிப்போம்!" பழக்கத்தில் கையைக்கூடத் தூக்கினான்.

"அந்தப் பேப்பர் தட்டு அதுதாண்டா."

தூக்கிய கையை மெதுவாக இறக்கினான். கொஞ்ச நேரம் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "பாட்டில் தண்ணியும்?"

"ஆமா."

"கேக்குமா?"

"இல்ல. கேக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப கேக்கு நல்ல கேக்குதான?"

"நல்ல கேக்குதான்."

அதில் அவனுக்கு ஒரு நிம்மதி தெரிந்தது. பிறகு கேட்டான், "அவனுக்குத் தெரியுமா?" அவனுக்குத் தெரியாது என்றேன். "அவங்கம்மாவுக்கு?" தெரியும் என்றேன். அவன் எழுந்து போய் ஆணியிலிருந்த மனுவை எடுத்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். திரும்பப் பெறுவதாக எழுதித் தரவில்லை, அதனால் அது நிலுவையில் இருப்பதாகத்தான் அர்த்தம்.

இரண்டு வாரம் கழித்து அந்தக் கூட்டாளி சைக்கிளில் வந்தான். மத்திக் குழம்பும் வறுவலும் செய்திருந்தேன். தட்டு எடுக்கப் போன என்னைத் தள்ளிவிட்டு பீமுவே அலமாரியைக் குடைந்தான். ஒரே அளவில் இரண்டு எவர்சில்வர் தட்டு, இரண்டிலும் ஓரம் நசுங்கியிருக்கும். கழுவித் துடைத்து வைத்துவிட்டுக் கூட்டாளியிடம் ரொம்பக் கறாராகச் சொன்னான்: "ரெண்டும் பழசுதான். நல்லா பாத்துக்க." அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு துண்டு வறுவல் தின்றான்.

கடைசியாக, இப்போது நடந்துகொண்டிருக்கும் விவகாரம். நவம்பர் 1 இங்கே விடுதலை நாள். 1954-ல் அன்றைக்குத்தான் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். ஆக, நாட்டுக்கெல்லாம் ஆகஸ்ட் 15 என்றால், அதற்குமேல் எங்களுக்கு ஆகஸ்ட் 16-ம் உண்டு, நவம்பர் 1-ம் உண்டு. பீமுவின் கணக்கில் மூன்று சுதந்திரம். போன வருஷம் விடுதலை நாளுக்கு முதல் நாள் பள்ளியில், காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களின் காலனியாக இருந்தது என்று விளக்கியிருக்கிறார்கள். 1954 அக்டோபரில் கீழூரில் 178 உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள், இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. "எட்டே பேர்தான்" என்று டீச்சர் சொன்னதை பீமுவால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "எட்டுப் பேரு நெறயதான? ஆர்ப்பாட்டத்துக்கு எட்டுப் பேரு வந்தா நீ நல்ல கூட்டம்ப."

அது கிடக்கட்டும். அவனை உலுக்கியது காலனி என்ற வார்த்தை. ஆட்டோக்காரர் தினமும், "காலனிப் பிள்ளைங்க எல்லாம் பின்னாடி ஏறு" என்பார். எங்கள் தெருவுக்கு ஊரில் பேர் அதுதான். முன்பு சேரி. அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்ததிலிருந்து காலனி. வீட்டுக்கு வந்ததும் வராததுமாய் ஆரம்பித்தான்.

"ம்மா, காரைக்கால் காலனியா இருந்துச்சுல்ல?"

"ஆமா."

"பிரெஞ்சுக்காரன் போனதும் விடுதலையாயிருச்சுல்ல?"

"ஆமா."

"அப்ப நம்ம தெரு மட்டும் ஏன் இன்னும் காலனியா இருக்கு? நமக்குச் சொல்ல மறந்துட்டாங்களா?"

அவன் அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு நிறுத்திவிட்டோம். வாத்தியார் சொன்ன பாடத்தையும் ஆட்டோக்காரர் சொன்ன வார்த்தையையும் நேர்மையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளை வேறு என்ன கேட்கும்? இரண்டு காலனியும் வேற வேற என்று விளக்க வாயெடுத்தேன். எவனோ ஒருவன் எல்லை போட்டு, உள்ளே இருப்பவனுக்குப் பேர் வைத்து, நீ இன்ன இடத்தில்தான் இருக்கலாம் என்று சொன்னால் அது காலனி. அப்படிப் பார்த்தால் எங்கே வேறாகிறது? அவனுக்கு 2025 ஏப்ரல் 29-ஆம் தேதிச் செய்தியைச் சொன்னேன். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின், காலனி என்ற சொல் ஆதிக்கத்துக்கும் தீண்டாமைக்கும் அடையாளமாகவும் வசையாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார்.

"அப்ப அம்மாயி தெரு விடுதலையாயிருச்சா?"

காகிதத்தில், என்றேன்.

"நமக்கு?"

வாஞ்சூர் தாண்டினால் வேறு சட்டமன்றம்டா என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். பூர்வீகமாக இருப்பதில் ஒரு நஷ்டமும் உண்டு என்று முதன்முறையாக அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். நோட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தான். பெறுநர் அம்மா இல்லை, மாவட்ட ஆட்சியர். பொருள்: எங்கள் தெருவை விடுதலை செய்வது சம்மந்தமாக. நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன், ஒரு வரியையும் மாற்றவில்லை. மூன்று சுதந்திரம் வாங்கியும் எங்கள் தெருவுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை, வழியில் யாரிடமாவது கொடுத்துவைத்திருந்தால் வாங்கித் தரவும் என்று இருந்தது. போராட்டத்தில் பெரிய 'ற' அப்படியே இருந்தது. அதைத் திருத்தப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டான்.

உண்டியல் காசில் ஸ்பீடு போஸ்ட். ரசீதை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். தினமும் சாயங்காலம் தபால்காரர் சைக்கிளைப் பார்த்தால் வாசலுக்கு ஓடுகிறான். நேற்றும் வெறுங்கையோடு திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "இன்னும் எத்தன நாளாவும்?" என்று கேட்டான். அப்பாயி காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மனைப்பட்டா கேட்டு அவள் மனுப் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

"எனக்கே இன்னும் வல்ல" என்றாள். "பின்னாடி வரிசையில நில்லுடா."